பணிவுக்கு எல்லை உண்டா?

ஆன்மிகப் பாதையில் அடியெடுத்து வைப்பவர் தன் விருப்பத்தைத் துறக்க வேண்டும், வழிகாட்டியின் சொல்லுக்குப் பணிய வேண்டும் என்று எல்லாச் சமயங்களும் கூறுகின்றன. பணிவு இல்லாத இடத்தில் சாதனை வேரூன்றுவதில்லை என்பது அனுபவத்தில் கண்ட உண்மை. ஆனால் வழிகாட்டுபவர் தவறினால் என்ன செய்வது? அவர் நல்லவராகவும் கற்றவராகவும் இருந்தும், சாதகரின் உள்ளத்தில் நிகழ்வதைப் புரிந்துகொள்ள இயலாதவராக இருந்தால்? அப்போது 'இல்லை' என்று சொல்வது அகந்தையா, உண்மைக்குக் காட்டும் விசுவாசமா?

இந்தக் கேள்வி ஆண்களைவிடப் பெண்களையே கூர்மையாகத் தைக்கிறது. விட்டுக்கொடுப்பதும், வந்தவரை முகம் கோணாமல் உபசரிப்பதும், கேட்டதை மறுக்காமல் தருவதுமே பெண்ணுக்கு அழகு என்று பல சமுதாயங்கள் பழக்கி வைத்திருக்கின்றன. கிறிஸ்தவப் பெண் துறவிகளின் வரலாற்றில் இந்தப் பழக்கமும் பக்தியும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடந்தன. எது அன்பு, எது அச்சம், எது பணிவு, எது வெறும் இணக்கம் என்று பகுத்தறிவதே அவர்களுக்கு வாழ்நாள் சாதனையாக இருந்தது. அந்தச் சாதனையைத் தமது வாழ்விலும் எழுத்திலும் ஒளிவுமறைவின்றிப் பதிவு செய்தவர், 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழ்ந்த அவிலா தெரசா (1515-1582).

பெயர் ஒற்றுமையால் சிலருக்குக் குழப்பம் நேரலாம். கல்கத்தாவில் தொண்டாற்றிய அன்னை தெரசா வேறு. அவர் தமது துறவறப் பெயரைப் பிரான்ஸ் நாட்டு லிசியு நகரத் தெரசாவிடமிருந்து பெற்றார். லிசியு தெரசாவோ, அவிலா தெரசா சீர்திருத்திய கார்மல் சபையைச் சேர்ந்தவர். பெயரின் ஊற்றுக்கண் அவிலாவில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

வேலியில்லாத தோட்டம்

1535-ஆம் ஆண்டு, தமது 20-ஆம் வயதில் தெரசா அவிலா நகரின் 'மனுவுருவேற்பு' மடத்தில் சேர்ந்தார். 150-க்கும் மேற்பட்ட பெண்கள் வாழ்ந்த பெரிய மடம் அது. இடம் பெரிது, வருமானம் சிறிது. உணவுக்கே தட்டுப்பாடு நேர்ந்த காலங்களில் சகோதரிகளை உறவினர் வீடுகளுக்கும் செல்வர் மாளிகைகளுக்கும் அனுப்பி வைப்பது வழக்கமாக இருந்தது. உயர்குடிப் பெண்கள் மடத்துக்குள்ளும் தங்கள் குலப்பட்டங்களோடும் பணிப்பெண்களோடும் வாழ்ந்தனர். ஏழைச் சகோதரிகள் பொது உறக்கக் கூடத்தில் படுத்தனர். மடத்தின் சந்திப்பு அறைக்கு நகரத்துச் சீமான்களும் சீமாட்டிகளும் வந்து பொழுதுபோக்காக உரையாடுவார்கள். வருபவர்கள் வெறுங்கையோடு வருவதில்லையாதலால் மடத்தலைவியருக்கும் அதில் மறுப்பில்லை.

தெரசா பேச்சில் வல்லவர், முகமலர்ச்சி உடையவர். அவரைக் காண வந்தவர்கள் ஏராளம். பல ஆண்டுகள் அவருடைய பகல்கள் சந்திப்பு அறையில் கரைந்தன. ஒருபுறம் தியானத்தில் இறைவனின் அழைப்பு, மறுபுறம் மனிதர்களின் அழைப்பு. இரண்டில் எதையும் முழுமையாக விடவும் முடியவில்லை, முழுமையாக ஏற்கவும் முடியவில்லை. ஏறத்தாழ 20 ஆண்டுகள் நீடித்த அந்தப் போராட்டத்தைத் தமது வாழ்க்கை வரலாற்று நூலில் அவர் மிகுந்த வேதனையோடு விவரிக்கிறார்.

இத்தனைக்கும் அவர் ஆலோசனை கேட்காமல் இருந்துவிடவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருமாரிடம் இதையெல்லாம் சொன்னார். அவர்களுள் அரைகுறையாகக் கற்ற சிலர், இதில் தீமை ஒன்றும் இல்லை என்று கூறி அனுப்பிவிட்டனர். பிற்காலத்தில் இதை நினைத்து அவர் எழுதியது கவனிக்கத்தக்கது: பக்தி இருந்தும் கல்வி குறைந்தவரைவிட, நன்கு கற்றவரையே வழிகாட்டியாகக் கொள்ளுமாறு தம் சகோதரிகளுக்கு மீண்டும் மீண்டும் அறிவுறுத்துகிறார். ஒன்றுமே அறியாதவருக்குத் தம் அறியாமை தெரியும். அவர் பிறரைக் கேட்பார். அரைகுறையாக அறிந்தவருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

தமது பலவீனம் எது என்பதையும் அவர் அறிந்திருந்தார். யாரேனும் ஒரு மத்தி மீனைக் கொடுத்தால்கூடத் தம்மை விலைக்கு வாங்கிவிடலாம் என்று வயதான காலத்தில் ஒரு கடிதத்தில் வேடிக்கையாகக் குறிப்பிடுகிறார். நன்றியுணர்வு உயர்ந்த பண்பே. ஆனால் அன்பு காட்டியவரிடம் 'போதும்' என்று சொல்ல முடியாமல் செய்வதும் அதுவே.

இரக்கமும் அப்படித்தான். மடத்தில் சேர்ந்த சில ஆண்டுகளில் கடும் நோயுற்ற தெரசா, சிகிச்சைக்காகப் பெசெதாஸ் என்னும் சிற்றூருக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அவ்வூர்க் குருவானவர் ஒருவர் அவருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டார். விரைவிலேயே நிலைமை தலைகீழாயிற்று. குரு தம் துயரங்களை இளம் துறவியிடம் கொட்டத் தொடங்கினார். அவருக்குப் பல ஆண்டுகளாக ஒரு பெண்ணுடன் தகாத உறவு இருந்தது. அவள் கொடுத்த ஒரு செப்புத் தாயத்தை அவர் கழுத்தில் அணிந்திருந்தார். தெரசா அவர்மீது பரிவு காட்டிப் பேசினார். அவர் தாயத்தைக் கழற்றிக் கொடுத்தார். அது ஆற்றில் எறியப்பட்டது. அந்த உறவும் அறுந்தது. கதை நல்லபடியாக முடிந்தது என்றே யாரும் சொல்வார்கள். தெரசா அவ்வாறு சொல்லவில்லை. தமது நோக்கம் நல்லதாயினும், அவர்மீது அத்தனை அன்பு காட்டிய செயல் சரியன்று என்றே பின்னாளில் எழுதினார். விளைவு நன்றாக அமைந்ததால் வழியும் நன்றாகிவிடாது என்னும் இந்த அறநெறி நுட்பம், இருபது வயதைச் சற்றே தாண்டிய பருவத்தில் நேர்ந்த ஓர் அனுபவத்திலிருந்து பிறந்தது.

பரிசோதகர்கள் நடுவே

1554-ஆம் ஆண்டளவில், காயமுற்ற கிறிஸ்துவின் உருவம் ஒன்றின்முன் தெரசா கதறியழுதார். அன்றோடு பழைய இழுபறி தளர்ந்தது, தியானம் ஆழ்ந்தது. உள்ளத்தில் சொற்கள் கேட்டன, பின்னர் காட்சிகளும் தொடங்கின. அவற்றோடு அச்சமும் தொடங்கியது.

அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. கோர்தோவா நகரில் மகான் என்று நாடே போற்றிய மக்தலேனா என்னும் மடத்தலைவி, தமது அற்புதங்கள் போலியானவை என்று ஒப்புக்கொண்டு 1546-இல் சமய விசாரணை மன்றத்தால் தண்டிக்கப்பட்டிருந்தார். அதன்பின், காட்சி கண்டதாகக் கூறும் எந்தப் பெண்ணையும் ஸ்பெயின் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. 1559-இல் வெளியான தடைப்பட்டியல், மக்கள் மொழியிலிருந்த பல தியான நூல்களையும் விலக்கியது. லத்தீன் அறியாத பெண்களின் கைகளிலிருந்து நூல்கள் பறிபோயின.

தம் நிலையை விளக்கச் சொற்கள் கிடைக்காமல் தெரசா ஒரு தியான நூலை எடுத்து, தமக்குப் பொருந்திய வரிகளின் கீழ்க் கோடிட்டு, நகரத்தில் நன்மதிப்புப் பெற்ற இருவரிடம் கொடுத்தார். ஒருவர் இல்லறத்தார், மற்றவர் குருவானவர். இருவரும் ஆராய்ந்து, இது பேயின் வேலை என்று முடிவு கூறினர். அவர்கள் தீயவர்கள் அல்லர். தெரசாவின் நலனை உண்மையாகவே நாடியவர்கள். அவர்களே இயேசு சபைக் குரு ஒருவரிடம் அவரை அனுப்பினர். தியேகோ தே செதினா என்னும் அந்த இளம் குரு, இது இறைவனின் ஆவி என்றும் தியானத்தை எக்காரணம் கொண்டும் விடலாகாது என்றும் கூறித் தைரியமூட்டினார்.

ஆனால் அவர் விரைவில் வேறிடம் சென்றார். காட்சிகள் பெருகப் பெருக, நகரத்துப் பெரியோர் ஐந்தாறு பேர் கூடி விவாதித்தனர். பேயின் வேலைதான் என்று மறுபடியும் தீர்ப்பாயிற்று. அடிக்கடி நற்கருணை பெற வேண்டாம், தனிமையில் இருக்க வேண்டாம், கவனத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று கட்டளையிட்டனர். பகல் நேரத்தில்கூட ஓர் அறையில் தனியாக இருக்கத் தெரசா அஞ்சும் நிலை ஏற்பட்டது. தன் உள்ளத்தையே நம்பக்கூடாது என்று நல்லவர்கள் பலர் சேர்ந்து சொல்லும்போது, ஒருவருடைய மனம் படும் பாட்டைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1560-இல் அவிலாவுக்கு வந்த தவசி, அல்காந்தராவின் பீட்டர், தெரசாவின் அனுபவம் இறைவனிடமிருந்தே வந்தது என்று உறுதி கூறினார். நல்லவர்களிடமிருந்து வரும் எதிர்ப்பே இவ்வுலகத் துன்பங்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்று என்றும் அவர் சொன்னாராம். தெரசாவுக்கு அந்த ஒரு வாக்கியம் மருந்தாயிற்று.

இக்காலத்தில்தான் அந்த விசித்திரமான கட்டளை வந்தது. காட்சி தோன்றும்போதெல்லாம் சிலுவை அடையாளம் வரைந்து, கட்டைவிரலை மற்ற இரு விரல்களுக்கிடையே நுழைத்துக் காட்டும் இழிவுச் சைகையைக் காட்டி அதை விரட்ட வேண்டும் என்றார் ஒரு குரு. தெருச்சண்டையில் ஒருவரை அவமதிக்கக் காட்டும் சைகை அது. தாம் நேசிக்கும் ஆண்டவரின் திருவுருவத்துக்கு நேராக அதைக் காட்டுவது தெரசாவுக்குச் சாவுக்கு ஒப்பாக இருந்தது. ஆயினும் காட்டினார். மனம் பொறுக்காமல் கையில் ஒரு சிலுவையையும் ஏந்திக்கொண்டார். இது என் குற்றமன்று, உம் திருச்சபையில் நீர் அமர்த்தியவர்களின் கட்டளை என்று காட்சியில் தோன்றியவரிடமே மன்னிப்புக் கேட்டார்.

அதற்குக் கிடைத்த பதிலை அவர் எழுதி வைத்திருக்கிறார். கீழ்ப்படிந்தது நன்று, உண்மையைத் தாமே வெளிப்படுத்தப் போவதாக ஆண்டவர் கூறினார். ஆனால் தியானத்தையே நிறுத்தும்படி அவர்கள் தடை விதித்தபோது மட்டும் அவர் சினந்தது போலத் தோன்றியது என்கிறார் தெரசா. அது கொடுங்கோன்மை என்று அவர்களிடம் போய்ச் சொல் என்றாராம்.

இவ்விரு பதில்களுக்கும் இடையே ஒரு கோடு தெரிகிறது. சைகை காட்டு என்ற கட்டளை தவறானது. ஆயினும் அது புறச்செயலைப் பற்றியது, அதற்குப் பணிந்ததால் தெரசாவின் உள்ளம் கறைபடவில்லை. தியானம் செய்யாதே என்ற கட்டளையோ இறைவனுக்கும் ஆன்மாவுக்கும் இடையே கை நீட்டுகிறது. அங்கே எந்த மனிதருக்கும் அதிகாரம் இல்லை. தோமினிக்கன் சபையின் பேரறிஞரான தாமஸ் அக்வினாஸ், மனிதர் மனிதருக்குக் கீழ்ப்படிய வேண்டியது வெளிச்செயல்களில்தான் என்றும், சித்தத்தின் உள்ளசைவுகளில் இறைவனுக்கு மட்டுமே கடமைப்பட்டிருக்கிறோம் என்றும் தமது பெருநூலில் வகுத்திருக்கிறார். லத்தீன் அறியாத தெரசா அந்நூலைக் கற்றவரல்லர். எனினும் அதே கோட்டைத் தம் அனுபவத்தில் கண்டு எழுதினார்.

அந்தச் சைகைக்கும் பின்னாளில் தீர்ப்பு வந்தது. அக்வினாஸின் நூலுக்கு உரையெழுதிய தோமிங்கோ பான்யெஸ் தெரசாவின் வழிகாட்டிகளுள் ஒருவர். அவர் அந்தக் கட்டளையே தவறு என்றார். திறமையுள்ள ஓவியர் தீயவராயினும், அவர் வரைந்த ஆண்டவரின் படத்துக்கு வணக்கம் செலுத்துவதே முறை. அதுபோல் அந்தக் காட்சி பேயின் கைவேலையாகவே இருந்தாலும், கண்முன் நிற்பது ஆண்டவரின் உருவமாதலால் அதை அவமதிக்கலாகாது என்பது அவர் வாதம். ஒரு கற்றவர் கட்டிய முடிச்சை மற்றொரு கற்றவர் அவிழ்த்தார்.

கொடுத்ததும் கொடாததும்

இந்த இடத்தில் இரண்டு ஐயங்கள் எழலாம். இக்கால வாசகர், தவறென்று தெரிந்த கட்டளைக்குத் தெரசா ஏன் பணிந்தார் என்று கேட்பார். சாதனை நெறியில் பழகியவர் இதற்கு நேர்மாறாக, வழிகாட்டியின் தீர்ப்புக்கு எதிராகத் தன் அனுபவத்தை நம்புவது ஆபத்தல்லவா, மக்தலேனாவும் அப்படித்தானே நம்பியிருப்பார் என்று கேட்பார்.

இரண்டாம் ஐயமே வலிமையானது. முதலில் அதைக் காண்போம். தெரசா தம் உணர்ச்சியைச் சான்றாகக் காட்டவில்லை. அவர் காட்டியது வேறு. என்னைப் பார்க்க வந்த ஒருவர் போனபின், அவர் நான் நினைத்த ஆள் அல்லர் என்று பிறர் சொன்னால் நான் நம்பிவிடக்கூடும். ஆனால் அவர் என் கையில் சில மணிகளை விட்டுச் சென்றிருக்கிறார். அதுவரை என்னிடம் ஒன்றும் இருந்ததில்லை. இப்போது நான் செல்வமுடையவளாக இருக்கிறேன். அந்த மணிகளை யாவருக்கும் எடுத்துக் காட்டவும் முடியும். இதுவே அவர் வாதத்தின் சாரம். மணிகள் என்று அவர் குறித்தது தம் குணத்தில் ஏற்பட்ட மாற்றத்தை. பழைய குறைகள் நீங்கின, மனத்தில் துணிவு பிறந்தது; அருகிருந்தவர்களும் அதைக் கண்டனர். என்னைக் கெடுக்க விரும்பும் பேய் என் தீமைகளை வேரோடு பிடுங்கி நன்மைகளை நடுமா என்று கேட்கிறார். காட்சி எங்கிருந்து வந்தது என்பதை யாரும் நிறுவ முடியாது. அது எதை விட்டுச் சென்றது என்பதைப் பரிசோதிக்கலாம். பிறரும் பரிசோதிக்கத்தக்க சான்றை முன்வைப்பவர் தன்னிச்சையாக நடப்பவர் ஆகமாட்டார்.

முதல் ஐயத்துக்கு வருவோம். தெரசா செயலைக் கொடுத்தார், மனத்தின் ஒப்புதலைக் கொடுக்கவில்லை. பேயென்று நம்பு என்று கட்டளையிட்டால் அதை நிறைவேற்றுவது யாருக்கும் இயலாது. நம்பிக்கை கட்டளையால் வருவதில்லை. அவர் பொய் சொல்லவுமில்லை, நம்புவதாக நடிக்கவுமில்லை. பணிந்துகொண்டே தம் மறுப்பையும் சொன்னார். அதோடு நில்லாமல் வேறு கற்றவர்களைத் தேடிக்கொண்டே இருந்தார். இயேசு சபையினர், தோமினிக்கன் சபையினர், பிரான்சிஸ்கன் தவசி என்று ஒவ்வொருவரிடமும் ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். ஒரே மனிதரின் கையில் ஆன்மா சிக்கிக்கொள்ளாமலும், தன் மயக்கத்தில் தானே சிக்கிக்கொள்ளாமலும் காத்தது இந்தப் பலர் ஆலோசனைதான். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். இந்தப் பொறுமை எல்லாச் சூழலுக்கும் பொருந்தாது. தெரசாவின் வழிகாட்டிகள் பிழைபட்ட நல்லவர்கள். தன் இன்பத்துக்காகவோ அதிகாரத்துக்காகவோ ஒரு பெண்ணின் உடலையும் மனத்தையும் வளைக்கும் வழிகாட்டி வேறு வகையைச் சேர்ந்தவர். அவரிடம் பணிந்துகொண்டே காத்திருக்கத் தெரசா எங்கும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்பவர் பற்றும் பகட்டும் நோக்கிச் சாய்வதாகக் கண்டால், அவரோடு நீண்ட பேச்சை நிறுத்தி, குருவை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே அவர் தம் சகோதரிகளுக்குச் சொன்னது.

பதின்மூவர் இல்லம்

1562-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் அவிலாவில் புனித சூசையப்பர் பெயரால் ஒரு சிறு மடத்தைத் தெரசா தொடங்கினார். முதலில் நால்வர். பதின்மூவருக்கு மேல் கூடாது என்பது தொடக்க விதி. பின்னர் 21 வரை அனுமதிக்கப்பட்டது. மனுவுருவேற்பு மடத்தில் எவையெல்லாம் ஆன்மாவைக் கரைத்தனவோ, அவை ஒவ்வொன்றுக்கும் இங்கே ஒரு வேலி எழுந்தது. குலப்பட்டங்கள் இல்லை. சந்திப்பு அறையில் கம்பிக் கிராதி, அதன்மேல் திரை. புரவலர்களை அண்டி வாழாமல் கைத்தொழிலாலும் கேளாமல் வரும் பிச்சையாலும் வாழ்வது. வறுமையை அவர் புகழ்ந்ததில் ஒரு நடைமுறை ஞானமும் இருந்தது. யாருடைய பணத்துக்கும் கடன்பட்டிராதவளிடம் யாரும் நேரத்தைக் கேட்க முடியாது.

அடைபட்ட மடம் என்றால் சிறை என்றே வெளியிலிருப்பவர் நினைக்கக்கூடும். சில பெண்களுக்கு, குறிப்பாகக் குடும்பம் வற்புறுத்தி அனுப்பியவர்களுக்கு, அது சிறையாகவே இருந்திருக்கிறது. தெரசாவின் இல்லத்தை நாடி வந்தவர்களுக்கு அந்தக் கிராதி வேறு பொருள் தந்தது. அதன் தாழ்ப்பாள் உட்புறத்தில் இருந்தது.

இந்த இல்லத்துச் சகோதரிகளுக்காக எழுதிய 'நிறைவாழ்வுப் பாதை' என்னும் நூலில் அவர் மிக வலியுறுத்திக் கேட்ட சலுகை ஒன்றுண்டு. வழக்கமான குருவைத் தவிர வேறு கற்றவர்களிடமும் சகோதரிகள் தம் உள்ளத்தைத் திறந்து பேச மடத்தலைவி வழிசெய்ய வேண்டும் என்பதே அது. தமக்கு மனம் ஒவ்வாத ஒரே குருவிடம் கட்டுண்டு கிடப்பதால் பெண்கள் படும் ஆன்ம வேதனையை அவர் கண்டிருந்தார். வேலியும் வேண்டும், அதில் வாயிலும் வேண்டும். வாயில் ஒன்று மட்டுமாக இருந்தால், அதில் நிற்பவரே எசமானர் ஆகிவிடுவார்.

அதே நூலின் முதற்படியில், உலகத்து நீதிபதிகள் அனைவரும் ஆண்களாயிருப்பதால் பெண்களின் எந்த நற்பண்பும் அவர்களுடைய ஐயத்துக்குத் தப்புவதில்லை என்று இறைவனிடமே முறையிடும் பகுதி ஒன்றை எழுதியிருந்தார். நூலைச் சரிபார்த்த தோமினிக்கன் குரு அதை அடித்துவிட்டார். தெரசா இரண்டாம் படியை எழுதியபோது அப்பகுதியைச் சேர்க்கவில்லை. முதற்படியை அழிக்கவும் இல்லை. அது எஸ்கோரியால் அரண்மனை நூலகத்தைச் சேர்ந்தது. அடித்த கோடுகளுக்குக் கீழே அச்சொற்களை இன்றும் அறிஞர்கள் படிக்கின்றனர்.

பாஸ்ட்ரானாவில் ஓர் இளவரசி

வேலி கட்டுவது எளிது. அதன்மேல் சாய்பவர் புரவலராகவும் துக்கத்தில் இருப்பவராகவும் இருக்கும்போதுதான் சோதனை. எபோலி இளவரசியான ஆனா தே மெந்தோசாவும் அவர் கணவர் ரூய் கோமெஸும் அரசர் இரண்டாம் பிலிப்பின் அவையில் மிகுந்த செல்வாக்குப் பெற்றவர்கள். 1569-இல் தங்கள் ஊரான பாஸ்ட்ரானாவில் மடம் அமைக்கத் தெரசாவை அழைத்தனர். அங்கே தங்கியிருந்தபோது, தெரசாவின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தே தீருவேன் என்று இளவரசி பிடிவாதம் பிடித்தார். தெரசா தயங்கித் தயங்கிக் கொடுத்தார். வீட்டுப் பணியாட்கள்வரை அதைப் படித்துச் சிரித்தனர். வழிகாட்டிகளின் கண்களுக்காக மட்டும் எழுதப்பட்ட ஆன்மாவின் அந்தரங்கம் அரண்மனையின் கேலிப்பொருளாயிற்று.

1573-இல் ரூய் கோமெஸ் இறந்தார். துக்கத்தின் வேகத்தில் இளவரசி துறவு உடை உடுத்து மடத்துக்கு வந்து சேர்ந்தார். செய்தி கேட்ட மடத்தலைவி இசபெல், இந்த மடம் இனி முடிந்தது என்ற பொருள்பட வருந்தினாராம். அவர் அஞ்சியபடியே நடந்தது. தம் பணிப்பெண்களையும் மடத்தில் சேர்க்க வேண்டும், தம்மைக் காண வருவோரைத் தடையின்றி உள்ளே விட வேண்டும், சகோதரிகள் தம்மிடம் மண்டியிட்டுப் பேச வேண்டும் என்றார் இளவரசி. விதியை எடுத்துச் சொன்னபோது, இது என் பணத்தில் எழுந்த வீடல்லவா என்பது போல் நடந்துகொண்டார். பின்னர் கோபித்துத் தோட்டத்துக் குடிலில் தங்கினார், அதன்பின் அரண்மனைக்குத் திரும்பினார், இறுதியில் மடத்துக்கு அளித்த உதவியையும் நிறுத்தினார்.

கணவனை இழந்து தவிக்கும் பெண்ணிடம் இரக்கம் காட்டுவதே கிறிஸ்தவ அன்பு, விதிகளைச் சற்றுத் தளர்த்தினால் என்ன என்று கேட்கத் தோன்றலாம். அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் வேறு பல பெண்களும் இருந்தனர். செபமும் மௌனமும் நாடி அனைத்தையும் விட்டு வந்தவர்கள் அவர்கள். ஒருவரின் துயரம் அவர்கள் அனைவரின் வாழ்வையும் விழுங்க இடங்கொடுப்பது அன்பாகாது என்று தெரசா முடிவு செய்தார். இளவரசியோடு சண்டையிடவில்லை, அவரைத் திருத்த முயன்று காலம் கழிக்கவுமில்லை. 1574-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஓர் இரவு, பாஸ்ட்ரானாச் சகோதரிகள் ஓசையின்றி வெளியேறி வண்டிகளில் ஏறினர். இளவரசி கொடுத்த பொருள்கள் ஒவ்வொன்றும் பட்டியலிட்டுத் திருப்பி ஒப்படைக்கப்பட்டிருந்தன. தெரசா அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் செகோவியாவில் தொடங்கியிருந்த புதிய மடத்தில் அவர்களை ஏற்றுக்கொண்டார்.

விலை கொடுக்க வேண்டியிருந்தது. இளவரசி அந்த வாழ்க்கை வரலாற்று நூலைச் சமய விசாரணை மன்றத்தில் குற்றஞ்சாட்டினார். நூல் மன்றத்தின் கைக்குப் போயிற்று. தெரசா வாழ்ந்தவரை அது அச்சேறவில்லை. அவர் மறைந்து 6 ஆண்டுகளுக்குப்பின், 1588-இல், லூயிஸ் தே லெயோன் என்னும் பேராசிரியர் சலமான்காவில் அதைப் பதிப்பித்தார்.

பக்தியின் பெயராலும்

வெளியாரிடம் மட்டும் தெரசா எல்லை வகுக்கவில்லை. ஒரு மடத்தில் சகோதரிகள் இருவர், நாள்தோறும் நற்கருணை பெறாவிட்டால் உயிர் பிரிந்துவிடும் என்று சொல்லுமளவுக்கு ஏக்கம் கொண்டிருந்தனர். அவர்களுடைய குருவும் அதை நம்பினார். நேரில் வந்து பார்த்த தெரசா, எனக்கும் அதே ஏக்கம் உண்டு, நானும் இன்று நற்கருணை பெறப் போவதில்லை, சாவதானால் மூவரும் சேர்ந்தே சாவோம் என்றார். யாரும் சாகவில்லை, சில நாள்களில் அந்த வேகம் தணிந்தது. உண்ணாமலும் உறங்காமலும் பல மணி நேரம் மயங்கிக் கிடந்ததைப் பரவசம் என்று கருதிய மற்றொரு சகோதரிக்கு உணவையும் உறக்கத்தையும் மருந்தாக விதித்ததாகவும் எழுதுகிறார். எது இறைவனிடமிருந்து வருகிறது என்று கண்டறிய, எது வெறும் பலவீனத்திலிருந்து வருகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார்.

வழிகாட்டி ஒருவரிடம் முழு நம்பிக்கை வைப்பதையும் அவர் ஒதுக்கிவிடவில்லை. 1575-இல், தம்மைவிட 30 ஆண்டுகள் இளையவரான ஜெரோனிமோ கிரசியான் என்னும் கார்மல் துறவிக்கு வாழ்நாள் முழுவதும் கீழ்ப்படிவதாகத் தெரசா வாக்குறுதி கொடுத்தார். பெரும் தயக்கத்துக்குப் பிறகே கொடுத்தார். கொடுக்கும்போதே அதற்கு நிபந்தனைகளையும் சேர்த்தார்: இறைவனுக்கு மாறாகவும், தாம் ஏற்கெனவே கட்டுப்பட்டுள்ள மேலதிகாரிகளுக்கு மாறாகவும் எதுவும் அதில் அடங்காது. அன்பும் மதிப்பும் நிறைந்த உறவிலும் அவர் எல்லைக்கல்லை நட்டுவிட்டே உள்ளே சென்றார்.

அவர் கேட்ட உரிமை சட்டமாவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. 1890-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ காலத்தில் வெளியான ஆணை, துறவியர் தம் மனச்சான்றைத் தம்மிடம் திறந்து காட்டுமாறு மடத்தலைவர்கள் எவ்வகையிலும் வற்புறுத்துவதைத் தடை செய்தது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 630-ஆம் விதியில் அத்தடையை நிலைநிறுத்தியதோடு, பாவசங்கீர்த்தனத்திலும் மனச்சான்றின் வழிகாட்டலிலும் துறவியருக்குரிய சுதந்தரத்தைத் தலைவர்கள் மதிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 1970-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள், திருத்தந்தை 6-ஆம் பவுல் தெரசாவைத் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார். அப்பட்டத்தைப் பெற்ற முதல் பெண் அவரே. பேயின் வேலை என்று ஐந்தாறு பேர் கூடி முடிவு செய்து அப்போது 400 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.